போமட் அடிக்க முன்: திறக்க மறுக்கும் லப்டொப்

மாங்கேணியில் ஒரு வீட்டு விறாந்தையில் இருந்து இந்த அத்தியாயத்தைத் தொடங்குகிறேன். உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவில் படிக்கும் பிள்ளை ஒருத்தியின் லப்டொப், முதல்நாள் இரவு வரை ஒழுங்காக ஓடியது. காலையில் பாஸ்வேர்டை ஏற்கவில்லை. பத்துத் தடவை தட்டியும் பிழை என்றே சொன்னது. தாய் அதை ஒரு பொலித்தீன் பையில் சுற்றி வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் புறப்பட நின்றார்.

"தம்பி, வாழைச்சேனைக்குக் கொண்டு போகப் போறன். போமட் அடிக்கோணும் எண்டு சொல்றாங்க. புள்ளைட நோட்ஸ் எல்லாம் உள்ளுக்குத்தான் கிடக்கு."

"சேர், நான் பாஸ்வேர்டை மாத்தவே இல்ல," என்றாள் பிள்ளை. கண் கலங்கியிருந்தது.

லப்டொப்பை வாங்கித் திறந்தேன். பாஸ்வேர்ட் கேட்கும் திரையின் வலப்பக்கக் கீழ் மூலையைப் பார்த்தேன். வழக்கமாக 'இங்' என்பதன் ஆங்கில எழுத்துகள் நிற்கும் இடத்தில் தமிழுக்கான குறி நின்றது. அதைத் தொட்டு ஆங்கிலத்துக்கு மாற்றினேன். "இப்ப அடிச்சுப் பாருங்க மகள்" என்றேன். முதல் தடவையிலேயே திறந்தது. முதல்நாள் இரவு அவள் தமிழில் ஒரு கட்டுரை தட்டியிருக்கிறாள். விசைப்பலகை தமிழ்99இல் நிற்கும்போதே மூடியை மூடிவிட்டாள். அந்த அமைப்பில் ஆங்கிலக் கே விசையைத் தட்டினால் ம விழும், எம் விசையைத் தட்டினால் ர விழும். பாஸ்வேர்டோ கறுத்த புள்ளிகளாகத்தான் தெரியும். தான் தமிழில் தட்டுகிறேன் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

பாமினி எழுத்துருவில் தட்டிப் பழகியவர்களுக்கு இந்தச் சிக்கல் வருவதில்லை. அங்கே மாறுவது எழுத்துரு மட்டும்தான், விசைப்பலகை ஆங்கிலத்திலேயே நிற்கும். யுனிகோட்டுக்கு மாறியவர்களுக்குத்தான் இது நடக்கும். பள்ளிக்கூடங்களிலும் அலுவலகங்களிலும் பலர் இப்போது யுனிகோட்டுக்கு மாறிவருகிறார்கள். அதனால் இது இனிமேல் கூடத்தான் செய்யும். விண்டோஸ் விசையைப் பிடித்துக்கொண்டு இடைவெளி விசையைத் தட்டினாலும் மொழி மாறும்.

அந்தப் பையைத் தாய் பஸ்ஸில் கொண்டு போயிருந்தால் நாவலடிச் சந்தி, ஓட்டமாவடிப் பாலம் தாண்டிப் போய்வர அரைநாள் கழிந்திருக்கும். அதோடு கடைக்காசும் போயிருக்கும். காசை உழைத்துக்கொள்ளலாம். இரண்டு வருடக் குறிப்புகளை உழைத்து எடுக்க முடியாது. இந்த அத்தியாயம் முழுக்க நான் சொல்ல வருவது இதுதான்: திறக்காத லப்டொப் பெரும்பாலும் செத்த லப்டொப் அல்ல. போமட் அடிப்பதைக் கடைசி மருந்தாக வையுங்கள்.

எங்கே நிற்கிறது?

வைத்தியரிடம் போனால் "எங்க நோகுது?" என்றுதான் முதலில் கேட்பார். லப்டொப்பிடமும் அதையே கேட்க வேண்டும். "ஒன் ஆகுதில்ல" என்ற ஒரே சொல்லால் நாலு வெவ்வேறு நோயைச் சொல்கிறோம். பொத்தானை அழுத்தினால் சின்ன வெளிச்சம்கூட வரவில்லையா? வெளிச்சம் வந்து, காற்றாடி சுற்றி, திரை மட்டும் இருட்டாக நிற்கிறதா? கம்பெனிப் பெயர் தெரிந்த பிறகு, புள்ளிகள் வட்டமாகச் சுற்றிச் சுற்றி அதிலேயே நின்றுவிடுகிறதா? அல்லது எல்லாம் சரியாக வந்து, உள்ளே விடத்தான் மறுக்கிறதா? முதலாவது மின்சாரத்தின் சங்கதி. இரண்டாவது திரை, ரேம் போன்ற உறுப்புகளின் சங்கதி. மூன்றாவது விண்டோஸின் சங்கதி. நாலாவது கணக்கும் கடவுச்சொல்லும் பற்றியது. பாஸ்வேர்ட் மறந்ததற்கு மதர்போர்டைக் கழற்ற வேண்டியதில்லை. சார்ஜர் வயர் அறுந்ததற்கு விண்டோஸ் புதிதாகப் போட வேண்டியதில்லை. இரண்டும் நடப்பதைக் கண்டிருக்கிறேன்.

திரையில் ஏதாவது எழுத்து வந்தால் முதல் வேலையாகப் போனை எடுத்து அதைப் படம் பிடியுங்கள். நீல நிறமோ கறுப்பு நிறமோ, அதில் உள்ள ஒரு வரிதான் திருத்துபவருக்கு வழி காட்டும். "ஏதோ இங்கிலீசில வந்திச்சு" என்றால் அவரும் போமட் என்றுதான் சொல்வார்.

வெளிச்சமே இல்லை என்றால்

லப்டொப்பைத் தொடமுன் சுவரில் இருக்கிற பிளக்கைப் பாருங்கள். அதே துளையில் போன் சார்ஜரைக் குத்தி, போன் சார்ஜ் ஏறுகிறதா என்று பாருங்கள். ஒரே மல்ரி பிளக்கில் ஐந்தாறு சாமான் தொங்கும் வீடுகளில், அதன் உள் தகடு தளர்ந்துபோயிருக்கும். பிளக் உள்ளே போனதுபோலத் தெரியும், ஆனால் தொடாது. பிறகு சார்ஜர். அதன் பெட்டியில் வெளிச்சம் இருந்தால் எரிகிறதா? பெட்டியில் இருந்து வயர் புறப்படும் கழுத்து, லப்டொப்பில் குத்தும் முனையின் கழுத்து, இந்த இரண்டு இடத்தில்தான் உள்ளே கம்பி அறும். அங்கே மெதுவாக வளைத்துப் பார்க்கும்போது வெளிச்சம் அணைந்து அணைந்து எரிந்தால் சார்ஜர்தான் நோயாளி. லப்டொப்பை வீட்டில் வைத்துவிட்டுச் சார்ஜரோடு கடைக்குப் போங்கள்.

மாலை நேரத்தில் லைட் மங்கலாக எரிவதைக் கண்டு, "வோல்டேஜ் குறைஞ்சுதான் லப்டொப் பழுதாப் போச்சு" என்பார்கள். சார்ஜரின் அடியில் அச்சிட்டிருப்பதை வாசித்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று போட்டிருக்கும். நமது வீட்டுக்கு வருவது 230 வோல்ட். அது குறைந்து 180க்கு வந்தாலும் நல்ல சார்ஜர் தாங்கும். கொல்வது குறைந்த கரண்ட் அல்ல, கரண்ட் போய்த் திரும்பும்போது பாயும் பாய்ச்சலும் மின்னலும்தான். மாரி தொடங்குமுன் இடி முழங்கும் நாட்களில் சுவிச்சை நிறுத்தினால் மட்டும் போதாது, பிளக்கையே கழற்றி வையுங்கள்.

புதிய லப்டொப்புகள் சில டைப்-சி முனையால் சார்ஜ் ஏறும். போன் சார்ஜரும் அதே முனைதான் என்பதால் அதைக் குத்திவிட்டு, ஏறவில்லை என்பார்கள். லப்டொப்புக்குப் பொதுவாக 45 அல்லது 65 வாட் வேண்டும். சாதாரணப் போன் சார்ஜரால் அவ்வளவைக் கொடுக்க முடியாது.

சார்ஜர் நல்லது, ஆனாலும் உயிர் இல்லை என்றால், உள்ளே தங்கியிருக்கும் மின்சாரத்தை இறக்க வேண்டும். சார்ஜரைக் கழற்றுங்கள். பற்றரி வெளியே எடுக்கக்கூடியது என்றால் அதையும் எடுங்கள். பென் ட்ரைவ், மவுஸ் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானை முப்பது விநாடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் குத்தி, ஒரு பத்து நிமிடம் பொறுத்து, பொத்தானை ஒருமுறை தட்டுங்கள். செத்ததென்று பொதி கட்டிய லப்டொப்புகள் இதிலேயே எழும்பி வந்திருக்கின்றன. மாதக்கணக்காக அலுமாரியில் கிடந்தது என்றால் பற்றரி அடியோடு வற்றியிருக்கும். அரை மணித்தியாலமாவது சார்ஜில் போட்டுவிட்டுத்தான் பொத்தானைத் தொட வேண்டும்.

நமது பக்கத்துக்கென்றே சில சங்கதிகள் உண்டு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பனிச்சங்கேணிப் பக்கத்துக் களப்பு. உப்புக் காற்று ஓயாது. கச்சான் வீசும் மாதங்களில் புழுதியும் வெக்கையும், மாரியில் ஈரம். சார்ஜர் முனை மேல் பச்சை பூத்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். அது செம்பு உப்பில் அரிபடும் அடையாளம். ரேம் தகட்டின் பொன்னிற விளிம்பிலும் அதே படலம் படியும். காற்றாடித் துளையில் மணலும் நூலும் அடைத்தால் சூடு ஏறித் தானாக நிற்கும். யன்னல் ஓரமாகத் திறந்தபடி விட வேண்டாம். வேலை முடிந்தால் மூடி, ஒரு துணிப் பையில் வையுங்கள். பொலித்தீனில் இறுக்கிக் கட்டினால் உள்ளே ஈரம் வியர்க்கும்.

பற்றரி வீங்கி, விரலால் தேய்க்கும் சதுரம் மேலெழுந்து நின்றால், அல்லது லப்டொப் மேசையில் ஆடினால், அதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது. சார்ஜில் போடாதீர்கள், அமுக்காதீர்கள், துளைக்காதீர்கள். தீப் பிடிக்கும்.

வெளிச்சம் உண்டு, திரை இருட்டு

காற்றாடி சுற்றும் சத்தம் கேட்கிறது, ஒன்றும் தெரியவில்லை. இருட்டறையில் வைத்து, போன் டோர்ச்சைத் திரைக்கு மிகக் கிட்டச் சாய்வாக அடியுங்கள். மங்கலாக எழுத்தோ படமோ தெரிந்தால் திரையின் பின்விளக்குப் போய்விட்டது. கணினி நலமாக இருக்கிறது. எச்டிஎம்ஐ வயரால் வீட்டு டிவியில் தொடுத்தும் பார்க்கலாம். டிவியில் படம் வந்தால் உங்கள் பைல்கள் பத்திரம், அங்கேயே வைத்து எல்லாவற்றையும் பிரதி எடுத்துவிடுங்கள். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கு விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் திரைக்குப் படம் அனுப்பும் பகுதி மறுபடி தொடங்கும். சில வேளை அதுவே போதும்.

டிவியிலும் வரவில்லை, பொத்தானை அழுத்தும்போது விட்டு விட்டு 'பீப்' சத்தம் வருகிறது அல்லது ஒரு விளக்கு எண்ணி எண்ணி மினுங்குகிறது என்றால், எத்தனை தடவை என்று எழுதி வையுங்கள். அது லப்டொப் பேசும் பாஷை. கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும், ஆனால் பெரும்பாலும் ரேமைத்தான் சொல்லும். பின்மூடி திறக்கத் தெரிந்தவர் ரேமைக் கழற்றி, விளிம்பைச் சுத்தமான வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு, 'டிக்' என்று இறுகும்வரை திரும்ப மாட்ட வேண்டும். உப்புக் காற்று ஊர்களில் இந்த வேலைக்குப் பலன் கூட. தெரியாதவர்கள் கைவைக்க வேண்டாம்.

வட்டம் சுற்றிக்கொண்டே நின்றால்

இந்த நோய்க்கு நமது ஊர்களில் ஒரு தனிக் காரணம் இருக்கிறது. இரண்டாங்கை லப்டொப் வாங்குகிறோம். பற்றரி செத்திருக்கும். "பரவாயில்ல, கரண்டில ஓடும்" என்று நேரே பிளக்கில் குத்தி ஓட்டுகிறோம். கரண்ட் போகும் ஒவ்வொரு தடவையும் அந்த லப்டொப் எழுதிக்கொண்டிருக்கும்போதே கையில் இருந்து பேனையைப் பறித்ததுபோல அணைகிறது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஏற்பட்ட பழுதால் நாடு முழுக்கவே ஒரே நேரத்தில் கரண்ட் போனது. பற்றரி நல்லதாக உள்ள லப்டொப்புக்கு இது ஒன்றும் இல்லை. பற்றரி இல்லாததற்கு ஒவ்வொன்றும் ஒரு அடி. எழுதி முடியாத பைல் ஒன்று விண்டோஸுக்கு முக்கியமானதாக இருந்தால் அடுத்த நாள் எழும்பாது. இரண்டாங்கை வாங்கும்போது நிறத்தையும் கனத்தையும் பார்ப்பதை விட்டு, சார்ஜரைக் கழற்றிவிட்டு எத்தனை நிமிடம் நிற்கிறது என்று பாருங்கள்.

வட்டம் சுற்றி நிற்கும்போது முதலில் பொறுமை. புதுப்பிப்பு நடக்கிறது என்று திரை சொன்னால் ஒரு மணித்தியாலம் போனாலும் அணைக்காதீர்கள். பழைய சுழல்தட்டு (ஹார்ட் டிஸ்க்) லப்டொப்புகளில் அவ்வளவு நேரம் எடுக்கும். ஒன்றும் சொல்லாமல் அப்படியே நின்றால், பொத்தானைப் பத்து விநாடி பிடித்து அணையுங்கள். பென் ட்ரைவ், மெமரி கார்ட், பிரிண்டர் எல்லாவற்றையும் பிடுங்குங்கள். மறந்துபோய்க் குத்தியே விட்ட பென் ட்ரைவில் இருந்து எழும்பப் பார்த்து, 'தொடங்குவதற்கு டிஸ்க் இல்லை' என்று நிற்பது சர்வசாதாரணம்.

அப்படியும் வரவில்லை என்றால், விண்டோஸ் தனக்குள்ளேயே ஒரு வைத்தியசாலை வைத்திருக்கிறது. தொடங்கும்போது இரண்டு மூன்று முறை தொடர்ந்து தடைப்பட்டால் நீலத் திரையில் அது தானாகத் திறக்கும். பாஸ்வேர்ட் கேட்கும் திரை வரை வருகிறதென்றால், ஷிஃப்ட் விசையைப் பிடித்தபடி 'ரீஸ்டார்ட்' கொடுத்தும் அங்கே போகலாம். 'ட்ரபிள்ஷூட்', அதற்குள் 'அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்' என்று போங்கள். முதலில் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்'. அது முடியாதென்று சொன்னால், அண்மையில் விண்டோஸ் அப்டேட் நடந்திருந்தால் 'அன்இன்ஸ்டோல் அப்டேட்ஸ்'. பிறகு 'சிஸ்டம் ரெஸ்டோர்'. இவை மூன்றும் உங்கள் படங்களையோ குறிப்புகளையோ தொடா. 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' வழியாக ரீஸ்டார்ட் செய்து 4ஐ அழுத்தினால் 'சேஃப் மோட்' வரும். அதில் நன்றாக எழும்புகிறது என்றால் விண்டோஸ் நலம். பின்னால் போட்ட ஏதோ ஒரு மென்பொருள்தான் வழியை மறிக்கிறது. கடைசியாகப் போட்டதை எடுத்துவிடுங்கள்.

இது சின்ன ஊர் வைத்தியம் என்று நினைக்க வேண்டாம். 2024 ஜூலை 19ஆம் திகதி, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனி அனுப்பிய ஒரு பிழையான அப்டேட்டால் உலகம் முழுக்க ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. விமான நிலையங்கள், வைத்தியசாலைகள், வங்கிகள் ஸ்தம்பித்தன. அன்றைக்குப் பொறியியலாளர்கள் செய்த முக்கியமான திருத்தம், ஒவ்வொரு கணினியாகச் சேஃப் மோடில் எழுப்பி அந்த ஒரு பைலை அழித்ததுதான். அதற்குப் போமட் தேவைப்படவில்லை.

எழுப்பவே முடியவில்லை என்றாலும் பைல்களை எடுக்க ஒரு வழி உண்டு. இது பலருக்குத் தெரியாது. அதே 'அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்' பகுதியில் 'கமாண்ட் ப்ரொம்ப்ட்' என்ற கறுப்புத் திரையைத் திறந்து, ஆங்கிலத்தில் 'நோட்பேட்' என்று தட்டி என்டர் கொடுங்கள். சின்ன எழுத்துப் பெட்டி வரும். அதில் 'ஃபைல்', 'ஓப்பன்' என்று போய், கீழே பைல் வகை கேட்கும் இடத்தில் 'ஓல் ஃபைல்ஸ்' என்று மாற்றுங்கள். இப்போது உங்கள் டிஸ்க் முழுதும் தெரியும். வழக்கமாக சி என்று இருப்பது இங்கே டி என்று மாறியிருக்கலாம், பயப்பட வேண்டாம். 'யூசர்ஸ்', அதற்குள் உங்கள் பெயர், அதற்குள் 'டொக்யுமென்ட்ஸ்'. வேண்டிய கோப்புறையில் வலப்பக்கச் சொடுக்குச் செய்து 'கொப்பி', பென் ட்ரைவுக்குப் போய் 'பேஸ்ட்'. ஓடுகிறதா இல்லையா என்று அடையாளம் காட்டாது. பெட்டி அசையாமல் நிற்கும். காத்திருங்கள்.

சுழல்தட்டில் இருந்து 'டிக், டிக்' என்று தட்டும் சத்தம் வந்தால் மட்டும் உடனே அணைத்துவிடுங்கள். அதற்கு மேல் எழுப்ப எழுப்பத் தட்டு கீறும். மீட்கிற வாய்ப்புக் குறையும்.

உள்ளே விட மறுத்தால்

தமிழ் விசைப்பலகைச் சங்கதியை மேலே சொன்னேன். அதற்கு அண்ணன் தம்பிகள் சிலர் உண்டு. 'கெப்ஸ் லொக்' எல்லோருக்கும் தெரியும். 'நம் லொக்' பலருக்குத் தெரியாது. தனி எண் பலகை இல்லாத பழைய லப்டொப்புகளில் நம் லொக் விழுந்தால் யு, ஐ, ஓ விசைகள் 4, 5, 6 ஆகும். ஜே, கே, எல் விசைகள் 1, 2, 3 ஆகும். வலப்பக்க ஷிஃப்டை எட்டு விநாடி அழுத்திப் பிடித்தால் ஒரு வசதி விழித்துக்கொள்ளும். அதன் பிறகு விசைகளைச் சும்மா தட்டினால் விழாது, அழுத்திப் பிடித்தால்தான் விழும். சின்னப் பிள்ளைகள் கைவைத்த லப்டொப்பில் இதைச் சந்தேகியுங்கள்.

பாஸ்வேர்ட் பெட்டியின் ஓரத்தில் கண் போன்ற படம் ஒன்று இருக்கும். அதை அழுத்திப் பிடித்தால் தட்டியது தெரியும். ஏதாவது ஒரு எழுத்து விழவே இல்லை என்றால் அந்த விசை உப்பில் செத்திருக்கிறது. கீழ் மூலையில் உள்ள மனித உருவப் படத்தைத் தொட்டு, திரை விசைப்பலகையை எடுத்துச் சுட்டியால் தட்டி உள்ளே போகலாம். பின் இலக்கத்தைப் பல தடவை பிழையாகப் போட்டால் ஏ1பி2சி3 என்பதை ஆங்கிலத்தில் தட்டும்படி விண்டோஸ் கேட்கும். தண்டனை என்று நினைத்துப் பதறுவார்கள். அது உங்கள் விசைப்பலகை சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கக் கிடைத்த நல்ல சந்தர்ப்பம். அங்கே தட்டுவது கண்ணுக்குத் தெரியும். பாஸ்வேர்டைத் தொடர்ந்து பத்துத் தடவை பிழையாகத் தட்டினால் புதிய விண்டோஸ் 11 பத்து நிமிடம் பூட்டிக்கொள்ளும். அந்த நேரம் எழுந்து தேத்தண்ணி குடியுங்கள்.

இனிக் குழப்பத்தின் மூலவேருக்கு வருகிறேன். பின் இலக்கமும் பாஸ்வேர்டும் ஒன்றல்ல. பின் அந்த ஒரு லப்டொப்புக்கு மட்டும் உரியது. பாஸ்வேர்ட் மைக்ரோசொஃப்ட் கணக்குக்கு உரியது. அது எந்த மெஷினில் இருந்தும் செல்லும். பின் மறந்தால், பெட்டிக்குக் கீழே 'சைன் இன் ஒப்ஷன்ஸ்' என்பதில் சாவிப் படத்தைத் தொட்டுப் பாஸ்வேர்டைப் போடலாம். பாஸ்வேர்டும் மறந்தால் போனில் மைக்ரோசொஃப்ட் கணக்கின் பக்கத்துக்குப் போய்ப் புதிதாக வைக்கலாம். புதிதாக வைத்த பிறகு லப்டொப்பை இணையத்தோடு சேருங்கள். பூட்டிய திரையிலேயே வைஃபை படம் இருக்கிறது, போனின் ஹொட்ஸ்பொட்டைப் பிடிக்கலாம். சேர்க்காவிட்டால் லப்டொப்புக்குப் புதிய பாஸ்வேர்ட் தெரியாது, பழையதையே கேட்டுக்கொண்டிருக்கும்.

இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். கணக்கைத் திறந்த காலத்தில் கொடுத்த சிம் இப்போது இல்லை. உறுதிப்படுத்தும் இலக்கம் யாரிடமோ உள்ள பழைய இலக்கத்துக்குப் போகிறது. பாதுகாப்பு விபரம் முழுவதையும் மாற்றக் கேட்டால் மைக்ரோசொஃப்ட் 30 நாள் காத்திருக்க வைக்கும். பரீட்சைக்கு மூன்று கிழமை இருக்கும்போது அது பெரிய தண்டனை. கடையில் விண்டோஸ் போட்டுத் தந்தவரே தன் மின்னஞ்சலில் கணக்கைத் திறந்து கொடுத்திருப்பதும் உண்டு. இப்போதே 'செட்டிங்ஸ்', 'அக்கவுண்ட்ஸ்' என்று போய்ப் பாருங்கள். அங்கே இருப்பது உங்கள் மின்னஞ்சலா? அதில் உள்ளது இன்று உங்கள் கையில் இருக்கும் போன் இலக்கமா?

மைக்ரோசொஃப்ட் கணக்கு இல்லாமல் லப்டொப்பிலேயே வைத்த கணக்கு என்றால், பிழையான பாஸ்வேர்ட் ஒன்றைப் போட்டதும் 'ரீசெட் பாஸ்வேர்ட்' என்று வரும். முன்பு கொடுத்த மூன்று கேள்விக்கும் பதில் சொன்னால் திறக்கும். முதல் செல்லப் பிராணியின் பெயரை அன்றைக்கு ஆங்கிலத்தில் எப்படி எழுத்துக்கூட்டினீர்கள் என்பதுவரை ஞாபகம் வேண்டும்.

சரியாக உள்ளே போனீர்கள், ஆனால் மேசைத்திரை வெறுமையாக இருக்கிறது, ஒரு பைலும் இல்லை. இதைக் கண்டு அழுதவர்கள் உண்டு. மூலையில் 'உங்கள் கணக்குக்குள் நுழைய முடியவில்லை' என்ற கருத்தில் ஒரு ஆங்கில அறிவித்தல் வந்திருந்தால், விண்டோஸ் உங்களைத் தற்காலிக அறை ஒன்றில் இருத்தியிருக்கிறது. உங்கள் சாமான் எல்லாம் பழைய அறையில் பத்திரம். அந்த வெறுந்திரையில் ஒன்றையும் சேமிக்காதீர்கள், வெளியேறும்போது அழிந்துவிடும். ஒன்றிரண்டு தடவை ரீஸ்டார்ட் கொடுத்தால் பல வேளை தானாகச் சரிவரும்.

நாற்பத்தெட்டு இலக்கம்

இதை நான் கவலையோடு எழுதுகிறேன், ஏனென்றால் இனி வரும் காலத்தில் ஆட்களை அதிகமாக அடிக்கப்போவது இதுதான். ஒரு காலை லப்டொப்பைப் போட்டதும், நீலத் திரையில் 'பிட்லாக்கர்' என்று வந்து 48 இலக்கம் கொண்ட ஒரு சாவியைக் கேட்கும். நீங்கள் எப்போதும் கண்டிராத ஒன்று. உங்கள் பின்னும் பாஸ்வேர்டும் அங்கே செல்லாது.

திருடன் டிஸ்க்கைக் கழற்றி வாசிக்காமல் இருக்க அதைப் பூட்டிவைக்கும் ஏற்பாடு அது. 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் இருந்து, புதிதாக நிறுவி மைக்ரோசொஃப்ட் கணக்கால் நுழைந்தால், பெரும்பாலான லப்டொப்புகளில் இது கேட்காமலே இயங்கத் தொடங்குகிறது. மதர்போர்ட் திருத்தினால், அடிப்படை அமைப்புகளில் ஏதாவது மாற்றினால், சில அப்டேட்களுக்குப் பிறகு, சாவி கேட்கும். மேலே சொன்ன நோட்பேட் வழியும், டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் போடும் வழியும் இந்தச் சாவி இல்லாமல் செல்லா. கடைக்காரராலும் முடியாது, மைக்ரோசொஃப்டாலும் முடியாது.

ஆனால் சாவி எங்கோ இருக்கிறது. தானாகப் பூட்டியதென்றால், அது முதல் நுழைந்த மைக்ரோசொஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். போனில் அந்தக் கணக்கைத் திறந்து, 'டிவைசஸ்' பகுதியில் லப்டொப்பின் பெயருக்குக் கீழே மீட்புச் சாவியைப் பாருங்கள். பல சாவிகள் இருந்தால், நீலத் திரையில் காட்டும் அடையாளத்தின் முதல் எட்டு எழுத்தை ஒத்துப்பார்த்து எடுக்க வேண்டும். அலுவலகமோ பள்ளிக்கூடமோ தந்த லப்டொப் என்றால் அவர்களது கணக்கில் இருக்கும், அவர்களைக் கேளுங்கள்.

கடைக்குப் போவதென்றால்

எல்லாம் செய்தும் முடியாமல் போகலாம். அப்போது கடைக்குக் கொண்டுபோங்கள், அதில் வெட்கம் இல்லை. ஆனால் கொடுக்கும்போது, "பைல் எல்லாம் எடுத்துத் தந்த பிறகுதான் விண்டோஸ் போடுங்க" என்று வாயால் சொல்லி, ரசீதிலும் எழுதுவியுங்கள். என் உறவினர் ஒருவர் அப்படிச் சொல்லாமல் விட்டார். சுற்றிக்கொண்டே நின்ற லப்டொப்பை நகரத்துக் கடை ஒன்றில் கொடுத்தார். மாலையே புதிது போலத் திருப்பிக் கொடுத்தார்கள். அதில் அவருடைய தாயின் கடைசி மாதங்களில் எடுத்த படங்கள் இருந்தன. கடைக்காரர் தப்பாக ஒன்றும் செய்யவில்லை. கேட்டதைச் செய்தார். படங்கள் போனது போனதுதான். இப்படி நடந்துவிட்டால் அந்த லப்டொப்பில் அதற்குமேல் ஒன்றையும் பதியாமல் அணைத்து வையுங்கள். பழைய சுழல்தட்டு என்றால் மீட்கச் சிறிது வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டி என்றால் மிகக் குறைவு.

விண்டோஸின் சொந்த 'ரீசெட்' வழியில் 'கீப் மை ஃபைல்ஸ்' என்றொரு தெரிவு இருக்கிறது. மென்பொருட்கள் போகும், உங்கள் பைல்கள் நிற்கும். மற்றத் தெரிவான 'ரிமூவ் எவ்ரிதிங்' என்பதை அழுத்திவிட்டுத் திரும்ப வழி இல்லை. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. அதைச் சாட்டி எல்லோரையும் புதிதாகப் போடச் சொல்வார்கள். உங்கள் லப்டொப் 11ஐத் தாங்குமா என்று முதலில் கேளுங்கள். பல பழைய லப்டொப்புகள் தாங்கா.

இன்றைக்கு இரவு, லப்டொப் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே, ஒரு கொப்பியை எடுங்கள். மைக்ரோசொஃப்ட் கணக்கின் மின்னஞ்சல், அதில் கொடுத்துள்ள போன் இலக்கம், அந்த 48 இலக்கச் சாவி, மூன்றையும் பேனையால் எழுதுங்கள். பாஸ்வேர்டை அதில் எழுத வேண்டாம். பிள்ளையின் குறிப்புகளை ஒரு பென் ட்ரைவில் ஏற்றுங்கள். கொப்பியையும் பென் ட்ரைவையும் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டைப் பிரதியும் இருக்கும் அதே பையில் வையுங்கள்.